இறகு வைத்த ஹேர் கிளிப்பை வீட்டிலேயே செலவில்லாமல் செய்ய முடியுமா? ஒட்டிய இறகு ஏன் கழன்று விழுகிறது?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கோழி இறகைக் கழுவி கிளிப்பில் ஒட்டினால் சீக்கிரமே கழன்று விடுகிறது, வாடையும் போகவில்லை, எந்தப் பசை வாங்குவது என்று. பசையை மட்டும் மாற்றிப் பலனில்லை. கழல்வதற்கும் வாடைக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், இறகில் மிச்சமிருக்கும் கொழுப்பு. இந்த வேலையில் இறகு காசில்லாமல் கிடைக்கும். கழுவுவதிலும் கட்டுவதிலும்தான் உழைப்பு இருக்கிறது.

முதலில் எந்த இறகு என்று பார்ப்போம். பிராய்லர் கடையில் கிடைப்பது வெந்நீரில் முக்கி உரித்தது, தண்டு ஒடிந்து ரத்தத்தோடு இருக்கும். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் சொல்லி வையுங்கள். கோழி வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும். அப்போது கூட்டுக்குள் நல்ல இறகாகவே பொறுக்கலாம். சேவலின் கழுத்து இறகுதான் கிளிப்புக்கு ராஜா: ஒல்லியாக, பளபளப்பாக, தானே வளைந்து நிற்கும். கினிக்கோழியின் வெள்ளைப் புள்ளி இறகுக்குச் சாயமே தேவையில்லை. தேவாலயத்தில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை ஹேர்பேண்டுக்கு வாத்தின் நெஞ்சு இறகு பொருத்தம். ஒரு கிளிப்புக்குக் கழுத்து இறகு ஐந்தோ ஏழோ, பின்னால் நிற்கப் பெரிய இறகு இரண்டு போதும். செத்துக் கிடந்த பறவையின் இறகைத் தொடவே வேண்டாம். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், அது அடங்கும்வரை சேகரிப்பதை நிறுத்தி விடுங்கள்.

இனி கழுவுவது. மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், கோழி எச்சத்தில் நோய்க்கிருமி இருக்கும். பொறுக்கிய இறகைப் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் செள்ளும் பூச்சியும் சாகும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். அரை மணி நேரம் ஊறட்டும். கசக்கிப் பிழியாதீர்கள். அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை இதையே செய்யுங்கள். குளோரின் பிளீச் பக்கமே போகக்கூடாது. இறகு கெரட்டின் என்ற புரதம், பிளீச் அதைக் கரைத்து விடும். வாடை மிச்சமிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சம அளவு கலந்து அரை மணி நேரம் போட்டு அலசுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். அதற்கு மேல் ஊறினால் கறுப்பு இறகு வெளிறும்.

கொழுப்பு போனதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நன்றாகக் காய்ந்த இறகின் தண்டை வெள்ளைத் தாளில் வைத்து நகத்தால் அழுத்தித் தேயுங்கள். வடை வைத்த தாள் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் கறை விழுந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இறகு மேலே காய்ந்த மாதிரி தெரியும். அடித் தண்டை ஒட்டிய பஞ்சுக்குள் ஈரம் நிற்கும். பிறகு வரும் முடை நாற்றத்துக்கு அதுதான் காரணம். செய்தித்தாளில் பரப்பி ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் விடுங்கள். அமுங்கிப்போன இறகை இட்லிப் பானையின் ஆவியில் பத்துப் பதினைந்து விநாடி காட்டி நீவினால் பழையபடி விரியும்.

சாயம் போடுவதானால் வெள்ளை இறகுக்கு மட்டும். ஒரு லிட்டர் தண்ணீர், 100 மில்லி வினிகர், அரை டீஸ்பூன் ஃபுட் கலர் தூள். நனைத்த இறகைப் போட்டு, ஆவி கிளம்பும் சூட்டிலேயே இருபது நிமிடம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். புளிப்பு இல்லாமல் இந்தச் சாயம் கெரட்டினில் சரியாகப் பிடிக்காது. கொதித்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும். அலசியதும் வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை இறங்கினால் வியர்வையில் கழுத்திலும் இறங்கும். சமையல் பாத்திரம் வேண்டாம், இதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்குங்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். ஏ4 அளவு ஃபெல்ட் துணி (கம்பளி போலத் தடித்த, ஓரம் பிரியாத துணி) ஒன்றில் 4 சென்டிமீட்டர் வட்டம் 35 வெட்டலாம். கிளிப்புக்கு இரண்டு வட்டம் என்றால் ஒரு துணியில் 17 கிளிப். இறகின் அடிப் பஞ்சை உரித்து, வெறும் தண்டு ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தண்டு உருண்டை, வழவழப்பு வேறு. பசை அதில் பிடிக்காது. குறடால் மெதுவாக நசுக்கித் தட்டையாக்கி, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுங்கள். நீள இறகு அடியிலும் குட்டை இறகு மேலேயுமாக விசிறி போல அடுக்கி, தையல் நூலால் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சின் மேல் ஒரு சொட்டுத் துணிப் பசை விடுங்கள். இறகைப் பிடித்து நிறுத்துவது நூல், நூலைப் பிடிப்பது பசை.

இந்த இறகுக் கட்டை முதல் வட்டத்தில் ஒட்டித் தண்டு தெரியும் இடத்தைப் பொத்தானால் மூடுங்கள். வடசேரிக் கோயில் நகை பாணியில் சிவப்புக் கல் வைத்த பொத்தான் சேவல் இறகோடு அபாரமாகச் சேரும். இரண்டாவது வட்டத்தில் பிளேடால் இரண்டு கீறல் போட்டு, அலிகேட்டர் கிளிப்பின் (முதலை வாய் போலத் திறக்கும் நீளக் கிளிப்) மேல் தகட்டை அதற்குள் நுழைத்து, பிறகு இரண்டு வட்டத்தையும் ஒட்டுங்கள். நாளைக்குப் பசை விட்டாலும் துணி கிளிப்பை விடாது. இந்தக் கீறலை மட்டும் தவிர்க்காதீர்கள்.

பசையில் என் தேர்வு: துணிக்கும் கிளிப்புக்கும் ரப்பர் பசை, இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் கழித்து அழுத்த வேண்டும். ஹாட் குளூ பொத்தானுக்குச் சரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இளகும். உடனடிப் பசை (சூப்பர் குளூ) இறகுக்குள் ஏறி வெள்ளை பூத்து மொரமொரவென்று ஒடியும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை ஈரக்காற்றில் இளகி விடும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் இறகு பட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஃபெல்ட் வட்டம் மட்டும் முடியில் படும்படி, இறகு வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கட்டும். நீர் தெளித்த பிச்சிப்பூச் சரத்துக்குப் பக்கத்தில் குத்தாதீர்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் மலிவுக் கிளிப் சீக்கிரம் துருவேறும். ஸ்பிரிங்கிலும் உள்பக்கத்திலும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசுங்கள்.

மயில் தோகை பற்றியும் சொல்லி விடுகிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கிளி, மீன்கொத்தி, தேரூர்க் குளத்துப் பறவைகள் இவற்றின் இறகு கீழே கிடந்தாலும் விற்பனைக்கு எடுக்காதீர்கள்.