‘கேன்சல் பண்ணிடுங்க சார், கேஷா கொடுங்க’

கேள்வி: பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததுமே ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டு வண்டிக்குக் கூட்டிப்போனார். சுகும்வித் ஹோட்டலுக்கு 1,200 பாட். அதிகமோ? – வாசகி, மதுரை

பதில்: ரொம்பவே அதிகம். உங்கள் மேல் தப்பில்லை. ராத்தூக்கம் கெட்டு வந்து இறங்குபவர்களுக்காகத்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். அடுத்த முறை தரைத்தளத்துக்கு இறங்குங்கள். அங்குள்ள மெஷினில் மீட்டர் டாக்சி நிற்கும் இடத்தின் எண்ணோடு சீட்டு வரும். மீட்டர் காசு, விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச் சாலையில் போனால் சுங்கம். எல்லாம் சேர்த்தும் நீங்கள் கொடுத்ததில் பாதி ஆவதே அபூர்வம். டிரைவர் கேட்டாலும் சீட்டைக் கொடுக்காதீர்கள். 1584 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்ல அதுதான் ஆதாரம்.

கேள்வி: சிங்கப்பூரில் இரவு 12.30-க்கு டாக்சி ஏறினேன். மீட்டருக்கு மேல் பாதித் தொகை சேர்த்து வாங்கினார். யாரிடம் புகார் செய்வது? – வாசகர், கோவை

பதில்: யாரிடமும் வேண்டாம். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் டாக்சியில் 50 சதவீதம் கூடுதல்.

கேள்வி: கோலாலம்பூரில் கிராப் (நம்ம ஊர் ஓலா, ஊபர் மாதிரி) ஆப் 28 ரிங்கிட் காட்டியது. டிரைவர் தமிழர். ‘கேன்சல் பண்ணிட்டு 25 கேஷா கொடுங்க’ என்றார். நம்ம ஆள்தானே என்று சம்மதித்தேன். கேமரா பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். கிராப்பில் கேட்டால் பயணமே நடக்கவில்லை என்கிறார்கள். – வாசகர், திருச்சி

பதில்: அவர்கள் சொல்வது சரிதானே? 3 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் பயணத்தை அழித்தது நீங்கள். இந்த ‘கேன்சல்’ விவகாரம் எனக்கு மாதாமாதம் வருகிறது. எழுதி எழுதிக் கை வலிக்கிறது. ஆப்பில் நீங்கள் காசு கொடுப்பது வண்டிக்கு மட்டுமல்ல. டிரைவர் பெயர், வண்டி எண், போன வழி, பேசிய தொகை எல்லாம் பதிவாகிறதே, அதற்கும் சேர்த்துத்தான். கேன்சல் செய்த நொடியில் நீங்கள் முகம் தெரியாதவர் காரில் லிஃப்ட் கேட்டு ஏறியவர், அவ்வளவுதான். பை போனாலும் விபத்து நடந்தாலும் யார் கதவைத் தட்டுவீர்கள்? இன்னொரு ரகமும் உண்டு: வராமலே தெருமுனையில் நின்றுகொண்டு உங்களையே கேன்சல் செய்யச் சொல்வார், அபராதம் உங்கள் தலையில் விழட்டும் என்று. செய்யாதீர்கள். ஆப்பிலேயே புகாரைப் போடுங்கள். தமிழ் பேசினார் என்பதெல்லாம் ரசீது ஆகாது. பைக்கு ஒரே வழி, அந்த முன்பதிவு ஆப்பின் பழைய பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். வண்டி எண் இருந்தால் போலீசில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: துபாயில் இறங்கி ஆப்பில் கார்டு சேர்த்தேன், ஓடிபி வரவில்லை. – வாசகர், சென்னை

பதில்: இந்திய சிம்மை மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனால் ஓடிபி டிராயரிலேயே கிடக்கும். கார்டை ஊரிலேயே சேருங்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்துவிடுங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டில் அது மூடியே வரும்.

கேள்வி: பாங்காக்கில் துக்துக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டியவர் ‘இன்று அரண்மனை மூடல், 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்’ என்று ரத்தினக் கடையில் இறக்கினார். எதுவும் வாங்காமல் வந்தேன். – வாசகி, சேலம்

பதில்: என்னைவிடக் கெட்டிக்காரர். அங்கே வாங்கிய ‘நீலக்கல்’ மோதிரம் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. தி.நகர் நகைக்கடைக்காரர் லென்சைக்கூட எடுக்கவில்லை, ‘கலர் நல்லா இருக்கு சார், போட்டுக்கங்க’ என்றார். ஆளைக் கொண்டுவந்து விட்டால் கடையில் எரிபொருள் கூப்பன் கிடைக்கும். அவருக்கு உங்கள் 20 பாட் பொருட்டே இல்லை. அரண்மனை மூடலா என்பதை வாசலுக்கே போய்ப் பாருங்கள். தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் 1155.