தானே கூடிக்கொள்ளும் தோல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பத்தமடை வாசகி): எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்கிறோம். கத்தியால் அறுத்தாலும் தானே ஒட்டிக்கொண்டு, மறுபடியும் தொடுதலை உணரும் செயற்கைத் தோலைச் செய்திருப்பதாகக் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அறுந்தது அதற்கு எப்படித் தெரியும்? எப்படி ஒட்டிக்கொள்ளும்?

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை. விளக்கத்தை உங்கள் தறியிலிருந்தே தொடங்கலாம். பாவு நூல் நீளவாட்டில் ஓட, கோரை குறுக்கே செல்வதைப் போல, தொடுதலை அறியும் இவ்வகைக் கருவிகள் (உணரிகள்) பலவற்றில் மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய கோடுகள் மேலே நெடுக்காகவும் கீழே குறுக்காகவும் செல்கின்றன. நடுவில் ரப்பர் போன்ற மென்படலம் இருக்கிறது. கோடுகள் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு மின்தேக்கி, அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்பு. விரல் அழுத்தும்போது அங்கே இடைவெளி குறைந்து மின்தேக்குத்திறன் கூடுவதால், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்பதைக் கருவி கணக்கிட்டுவிடுகிறது. கோடு அறுந்தால் அதன் வழியே மின்சாரம் ஓடாது; பாவில் ஓர் இழை அறுந்தால் உங்கள் கைக்குத் தெரிவதைப் போல, கருவிக்கும் தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவ் தலைமையிலான குழு, நடுப்படலத்தை நுண்ணிய பிரமிடு வடிவங்களாக வார்த்து, ஓர் ஈ வந்து அமரும் எடையைக்கூட அறியும் உணரியை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது.

ஒட்டிக்கொள்ளும் திறமை பொருளின் வேதியியலில் இருக்கிறது. அதே குழு 2012இல் காட்டிய பொருளில் பாலிமர் எனப்படும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைத்திருந்தன. இவை வலுக்குறைந்த பிணைப்புகள் என்பதால் அறுக்கும்போது முதலில் பிரிபவையும் இவையே, வெட்டு முகங்களைச் சேர்த்துப் பிடித்தால் மறுபடி கைகோர்ப்பவையும் இவையே. மின்சாரத்தைக் கடத்துவதற்கு, முள்முள்ளான மேற்பரப்புடைய நிக்கல் துகள்களை அதில் கலந்திருந்தார்கள். அறுத்துச் சேர்த்த 15 நொடிகளில் மின்கடத்தும் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காடும், சுமார் 10 நிமிடங்களில் பழைய உறுதி முழுவதும் திரும்பின. சூடாக்கத் தேவையில்லை, அறை வெப்பநிலையே போதுமானதாக இருந்தது.

2018இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்மெல் மஜிதியின் குழு வேறு வழியில் சென்றது. ரப்பருக்குள் திரவ உலோகத் துளிகளை அடைத்துவைத்தார்கள்; ரப்பர் கிழியும்போது துளிகள் உடைந்து ஒன்றோடொன்று கலக்க, கிழிசலைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்துக்குப் புதுப்பாதை பிறந்துவிடுகிறது. அந்தத் திரவ உலோகமான காலியம், இண்டியம் கலவை சுமார் 16 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், நம் தாமிரபரணிக் கரையில் மார்கழி விடியலிலும் அது திரவமாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காயத்தைச் சொல்லாமலே ஆற்றிக்கொள்ளும் தோல் நல்ல தோல் ஆகாது. நம் உடம்பில் காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதும் வலி நீடிப்பதால்தான் அந்த இடத்தைப் பேணுகிறோம். பதினைந்து நொடியில் மௌனமாக இணைந்துவிடும் உணரியோ, தன்னை எது அறுத்தது, இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறதா என்ற செய்தியையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். எனவே, அறுபட்ட கணத்தைப் பதிவு செய்வதும் ஆறுவதைப் போலவே அவசியம் என்பது என் கருத்து.

கேள்வி (வீரவநல்லூர் மாணவர்): ஒட்டிய பிறகு அந்த உணரி பழைய அளவையே காட்டுமா?

பதில்: அப்படியே காட்டும் என்று நம்பக் கூடாது. மின்தடை சிறிது மாறியிருக்கும் என்பதால், கடைத் தராசைச் சோதித்து முத்திரையிடுவதைப் போல, தெரிந்த எடைகளை வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும். வெட்டு முகத்தில் புழுதி படிந்தால் ஒட்டும் திறனும் குறையும்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய், பாதம் மரத்துவிட்டது. போன மாதம் உடைமுள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் தைத்தது தெரியாமலே ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார்கள். இந்தத் தோலைச் செருப்புக்குள் வைக்க முடியாதா?

பதில்: உங்கள் கேள்வியை நம் மாநிலத்தோடு தொடர்புடைய ஒரு மருத்துவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுக்கொண்டார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும் தேய்ந்தன என்று எடுத்துக்காட்டியவர் அவர். பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், அழுத்த உணரிகள் பொருத்திய கையுறையையும் காலணியையும் செய்து, செயற்கை வலியை உண்டாக்க முயன்றார். உணரிகள் சீக்கிரம் பழுதாயின. எச்சரிக்கை தொந்தரவாகத் தோன்றியபோது நோயாளிகள் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் அம்முயற்சியைக் கைவிட்டார். தானே கூடும் பொருள்கள் முதல் தடையை நீக்கக்கூடும். எச்சரிக்கையை மனிதர் மதிக்க வேண்டும் என்ற இரண்டாவது தடைக்கு வேதியியலில் மருந்து இல்லை.

இந்தத் தோல் இன்னும் ஆய்வுக்கூடத்துப் பொருள்தான். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியை மருத்துவர் சோதிப்பார்; அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் அப்பா வெறுங்காலோடு நடக்க வேண்டாம். தினமும் இரவில் நீங்களோ அம்மாவோ வெளிச்சத்தில் அவர்களுடைய உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள், செருப்பின் அடியையும் தடவிப் பாருங்கள். கொப்புளமோ நிறமாற்றமோ தென்பட்டால், வலிக்கவில்லை என்று அப்பா சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.