மருந்துக்கடையில் பெயரை எழுதுவது ஏன்?

கேள்வி: என் தாயாருக்கு மருத்துவர் எழுதித் தந்த பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை வாங்கச் சென்றபோது, கடைக்காரர் எங்கள் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். இது அவசியமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அவசியமே. அல்பிரசோலம், டயஸிபாம், வலி மாத்திரையான டிரமடால் போன்றவை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள ‘எச்1’ என்னும், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் அட்டவணையில் அடங்குவதால், மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களையும் மருந்தின் அளவையும் குறித்து, அப்பதிவேட்டை 3 ஆண்டுகள் பாதுகாக்கக் கடைக்காரர் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறார். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழும் கொண்டுவரப்பட்டது. வலி மாத்திரையைக் கரைத்து இளைஞர்கள் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் கொடுமை நிகழ்கையில், சீட்டில்லாமல் தர மறுக்கும் கடைக்காரரே நம் பிள்ளைகளுக்குக் காவல். அவரிடம் கோபம் வேண்டாம். தாயார் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். பழக்கத்துக்கு ஆளானோருக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.