சிம்னிக்குள் போன கை

வீட்டில் இப்போது இல்லாமல் போன பொருள்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, அதனால் எனக்குக் கைப்பழக்கம் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் அப்பா கடிகாரம், ரேடியோ, ஸ்டவ் எல்லாம் பழுதுபார்த்தவர். வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் தம்பியும் அங்கேதான் கிடப்போம்.

பரணை ஒழித்தபோது ஓர் அரிக்கேன் விளக்கு கிடைத்தது. "இந்தச் சின்ன வெளிச்சத்திலா படித்தீர்கள்?" என்று பேத்தி நம்ப மறுக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

சொல்ல வேண்டாம், ஏற்றிக் காட்டுங்கள். புதுத் திரி போட்டு, எண்ணெய் ஒழுகுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஏற்றுங்கள். ஒரு கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக வெளிச்சம் வளர்வதுபோல் இருக்கும். அப்புறம் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

விளக்கின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே இறங்கும் குழாய்களையும் காட்டுங்கள். சிம்னியைத் தாங்குவதற்காக வைத்த கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சுடருக்கு மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது. மேலே உள்ள காற்று அந்தக் குழாய்களில் இறங்கித் திரிக்குப் போய்ச் சேரும். அதனால்தான் வெளியே காற்று எவ்வளவு அடித்தாலும் சுடர் லேசாக ஆடுமே தவிர அணையாது.

சிம்னி துடைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. கண்ணாடி நடுவில் புடைத்து, வாயில் குறுகியிருக்கும். பெரியவர்கள் கை உள்ளே நுழையாது. ஆகவே குழந்தையின் கைதான் வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் உட்கார்ந்துகொள்வேன். முதலில் பழந்துணியில் சாம்பல் தொட்டு உள்ளே சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். புகைக்கரி விட்டதும் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே விட்டுத் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். சுட்ட சிம்னியில் ஈரம் பட்டால் அவ்வளவுதான், விரிசல் விட்டுவிடும். அப்புறம் திரி. அதை நேராக வெட்டி, இரண்டு மூலையையும் ஒரு நூல் அளவு கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுடருக்குக் கொம்பு முளைத்து, சிம்னி ஒரு பக்கம் மட்டும் கறுத்துப் போகும். மறுநாள் கறுப்பைப் பார்த்தே, "நேற்று திரியை அவசரத்தில் வெட்டியிருக்கிறாய்" என்று அம்மா சொல்லிவிடுவாள்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். ஒருநாள் சிம்னிக்குள் கை போகவில்லை. கட்டை விரலை மடக்கிப் பார்த்தேன், சோப்பு போட்டுப் பார்த்தேன். முட்டி தாண்டவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் சிம்னியை வாங்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரி நான் அழுதேன். தேவையில்லாதவளாகிவிட்டேன் என்று நினைத்தேன். இருட்டிய பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் அதுவரைக்கும் நான் துடைத்த கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில்தானே நடந்தது!

உங்கள் பேத்தியின் கை நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் துடைக்கக் கொடுங்கள். விளிம்பில் உடைசல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவைப் போட்டவுடன் பாடாதே, ஏன்? பழுதா, இல்லை அப்படித்தானா?
– சிறுவயது ஞாபகத்தில் கேட்கும் ஒருவர்

அப்படித்தான். அந்தக் காலத்து வால்வு ரேடியோவில், வால்வு என்ற கண்ணாடிக் குழல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இழை சூடேற வேண்டும். அதற்கு அரை நிமிடம்போல் ஆகும். முதலில் ஒரு முனகல், அப்புறம் தூரத்திலிருந்து ஒருவர் பேசிக்கொண்டே நடந்து வருவதுபோலக் குரல் வரும். பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியாகப் பார்த்தால் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவது தெரியும். சூடான தூசியும் அரக்கும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனைதான் எனக்கு ரேடியோ.

சில பெட்டிகளில் முன்பக்கம் பச்சையாக ஒரு கண் இருக்கும், மந்திரக் கண் என்பார்கள். நிலையம் சரியாகப் பிடிபட்டால் பச்சை விரிந்து, நடுவில் உள்ள நிழல் இமை மூடுவதுபோல் மெலிந்துவிடும். அப்பா பெட்டிக்குப் பின்னால் குனிந்து திருகிக்கொண்டிருப்பார். முன்னால் நின்று "மூடிடுச்சுப்பா" என்று சொல்வது என் வேலை.

1947இல் வால்வின் வேலையைச் சூடேறாமலே செய்யும் டிரான்சிஸ்டர் வந்தது. 1954இல் அதை வைத்துச் செய்த சட்டைப்பை ரேடியோ கடைக்கு வந்தது. அது போட்டவுடன் பாடியது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அப்பாவின் மேசைக்கும் அவை வரத் தொடங்கின. அப்புறம் பெட்டிக்கு முன்னால் ஆள் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

தாத்தாவின் பெண்டுலம் கடிகாரத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். சாவி கொடுத்தால் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. பழைய வீட்டில் ஒழுங்காக ஓடியது. தூக்கிப் போட மனமில்லை.
– குடும்பத் தலைவர் ஒருவர்

தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் அதில் ஒரு பழுதும் இருக்காது, சாய்வாக மாட்டியிருப்பீர்கள்.

அப்பா செய்ததைச் சொல்கிறேன். கடிகாரத்தை மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதற்கு முன்னால் நிற்பார். எங்களையும் பேசவிட மாட்டார். "டிக்"குக்கும் "டக்"குக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேட்பார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கடிகாரம் ஓடும். "டிக்டக்... டிக்டக்..." என்று நொண்டினால் நின்றுவிடும். பெட்டியின் அடிப்பாகத்தை விரலால் ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளுவார், கேட்பார். மறுபடி வலப்பக்கம் அரை மயிரிழை. சத்தம் சமமானதும் கண்ணைத் திறந்து, பெட்டியின் ஓரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவார், யாராவது துடைக்கும்போது நகர்த்திவிட்டால் திரும்ப வைப்பதற்காக. பெட்டி பார்வைக்கு நேராக இருக்கிறதா என்று கவலைப்படாதீர்கள், காதுக்கு நேராக இருந்தால் போதும். நேர்மட்டம் பார்த்து மாட்டிய கடிகாரம் நொண்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஓடத் தொடங்கியதும் ஒரு வாரம் பாருங்கள். மெதுவாக ஓடினால் பெண்டுலக் குண்டுக்கு அடியில் உள்ள சிறு திருகாணியைத் திருகிக் குண்டை மேலே ஏற்றுங்கள், வேகமாக ஓடினால் கீழே இறக்குங்கள். ஒரு நாளைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். வெயில் காலத்தில் பெண்டுலத் தண்டு சூட்டில் கொஞ்சம் நீளும், கடிகாரம் தாமதமாகும். அது பழுதில்லை. ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் 1656இல் முதல் பெண்டுலம் கடிகாரத்தை உருவாக்கிய பிறகு, கடிகாரம் செய்தவர்கள் எல்லாரும் இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

முகப்பில் சாவித் துளை இரண்டு இருந்தால் ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணியடிக்க. மணிக்கு மணி மட்டும் அடிப்பதானால் ஒரு நாளைக்கு 156 முறை அடிக்கும், கூட்டிப் பாருங்கள். புது வீட்டில் முதல் சில நாள் ராத்திரி விழிப்பு வரும். அப்புறம் அது நின்றால்தான் விழிப்பு வரும்.

போன பொருள்களில் எந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க ஆசை?
– கல்லூரி மாணவி

சுழற்றும் தொலைபேசியின் டயல் தன்னிடத்துக்குத் திரும்பும் சத்தம். ஒன்றைச் சுழற்றினால் ஒரு துடிப்பு, ஒன்பதுக்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. நொடிக்குப் பத்துத் துடிப்பு வீதம் போகும். அதனால் பூஜ்யத்துக்கு மட்டும் ஒரு முழு நொடி காத்திருக்க வேண்டும். எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக இருந்தால், அந்த ஒரு நொடிக்குள் என்ன பேசப் போகிறோம் என்று தொண்டையைச் சரிசெய்துகொள்ளலாம்.

அக்கா, ஒரே ஒரு கேசட் வைத்திருக்கிறேன். வெளியூரில் வேலை பார்த்தபோது என் கணவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. டேப் ரெக்கார்டர் எப்போதோ போய்விட்டது. "கேட்க முடியாததை எதற்கம்மா வைத்திருக்கிறாய்" என்கிறான் மகன். இன்னும் அதில் குரல் இருக்குமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

இருக்கும் தங்கச்சி. காந்த நாடாவில் பதிந்த குரல் அவ்வளவு சீக்கிரம் அழியாது. ஈரம், சூடு, காந்தம் மூன்றும் படாமல் இருந்திருந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் ஆசையில் யாரிடமாவது பழைய பெட்டியை இரவல் வாங்கி உடனே போட்டுவிடாதீர்கள். எங்கள் மேசைக்கு வந்த சுருண்ட நாடாக்களில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தில் சிக்கியவைதான்.

கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல் ஓரத்தில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை முதலில் உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தவறுதலாக யாரும் பதிவுப் பொத்தானை அழுத்தி மேலே வேறு எதையும் பதிந்துவிட முடியாது. கீழ் ஓரத்தில், நாடாவுக்குப் பின்னால், தட்டையான கம்பியில் ஒட்டிய சின்னப் பஞ்சுத் துண்டு தெரிகிறதா? அது விழுந்திருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படியிருந்தால் நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். நாடா தொய்ந்திருந்தால் ஆறு பட்டைப் பென்சிலை ஓட்டைக்குள் விட்டு நிதானமாகச் சுற்றுங்கள். அந்தப் பற்களுக்கு அளவெடுத்தது மாதிரி அது பொருந்தும்.

பிறகு வேறொரு பழைய கேசட்டைப் போட்டுப் பெட்டி நாடாவைக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் உங்களுடையது. முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்ப முன்னுக்குச் சுற்றி, அதன்பின் கேட்கலாம். கேட்கும்போதே கணினியில் பதிந்துவிடச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒருவேளை நாடா அறுந்தால் பயப்படாதீர்கள். வெட்டி ஒட்டலாம். கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் வீணானால் போவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, ஏதோ ஒரு சொல்லில் ஓர் எழுத்து. மீதி அத்தனையும் இருக்கும்.

இந்தக் கேசட்டை 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ், எந்த அளவில் செய்வது என்று முடிவு செய்ய ஒரு மரத்துண்டைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துப் பார்த்தாராம். உங்கள் கணவரின் குரல் ஒரு தபால் உறைக்குள் அடங்கி உங்களிடம் வந்ததற்கு அந்த மரத்துண்டுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மகனிடம் கோபப்படாதீர்கள். பதிந்து முடித்ததும் முதல் தடவை நீங்கள் மட்டும் தனியாகக் கேளுங்கள். அடுத்த தடவை அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா தன் வயதில் எப்படிப் பேசினார் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? கேசட்டையும் வைத்திருங்கள். எனக்கு எழுதுங்கள்.

எல்லாரும் பழைய பொருள்களை நினைத்து உருகுகிறீர்கள். என் அம்மா புகையிலும் மண்ணெண்ணெயிலும் வெந்தது எனக்குத்தான் தெரியும். பம்ப் ஸ்டவ் ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.
– செவிலியர் ஒருவர்

எனக்கும் இல்லை. ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன்.

அந்த ஸ்டவ் நல்ல கண்டுபிடிப்புதான். லிண்ட்குவிஸ்ட் என்ற சுவீடன்காரர் 1892இல் செய்தது. புகைக்காத நீலச் சுடர், அந்தக் காலத்துக்கு அது பெரிய விடுதலை. அமுண்ட்சன் 1911இல் தென்துருவம் போனபோது கொண்டுபோனதும், டென்சிங்கும் ஹிலாரியும் 1953இல் எவரெஸ்ட் ஏறியபோது கொண்டுபோனதும் இந்த வகைதான். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரித்து, மேல் குழாய் நன்றாகச் சுட்ட பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் பச்சையாகப் பீறிட்டு, மஞ்சள் சுடர் முகத்துக்கு எழும்பும்.

எங்கள் வீட்டு ஸ்டவ்வில் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அம்மா மூன்று முறை சொன்னாள். ஊரார் ஸ்டவ் வரிசையில் நின்றதால் அப்பா "நாளைக்கு" என்றார். அந்த வாரம் ஒரு விடியற்காலையில் சுடர் எழும்பி அம்மாவின் புருவமும் முன்முடியும் கருகிவிட்டன. அப்பா அன்று முழுக்க வேறு வேலையைத் தொடவில்லை. ஸ்டவ்வைத் துண்டு துண்டாகப் பிரித்து, புதுத் தோல் வாஷர் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டு, முள்ளால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, தானே பற்றவைத்து, வெந்நீர் வைத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். எதுவும் பேசவில்லை.

அந்த ஸ்டவ் எனக்கு வேண்டாம். அதன் முன்னால் குனிந்திருந்த அம்மாவின் முகத்தை மட்டும் மறக்க முடியவில்லை. நீங்கள் உங்கள் அம்மாவை நினைத்துக் கோபப்படுகிறீர்கள். அந்தக் கோபமும் ஞாபகம்தானே? அதையும் எழுதுங்கள், இந்தப் பகுதியில் போடுகிறேன்.

இத்தனை சொல்கிறீர்களே, உங்களிடம் இன்னும் இருப்பது எது?
– நீண்டநாள் வாசகர்

கடிகாரச் சாவி. வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு இறக்கை உள்ள பித்தளைச் சாவி. அப்பாவின் கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு இறக்கை மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அப்பா காலமான பிறகு பொருள்களைப் பிரித்தபோது கடிகாரம் தம்பிக்குப் போயிற்று, சாவி எப்படியோ என் பைக்குள் வந்துவிட்டது. கொடுக்கிறேன் என்றேன். "நீயே வைத்துக்கொள் அக்கா" என்று அவன் வேறு சாவி வாங்கிக்கொண்டான்.

வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் அது. நான் வருகிறேன் என்று தகவல் சொன்னால் அந்த வாரம் அவன் சாவி கொடுப்பதில்லை. போய்ச் சேரும்போது சில சமயம் கடிகாரம் நின்றே போயிருக்கும். செருப்பைக் கழற்றியதும் நேராக அதன் முன்னால்தான் போய் நிற்பேன்.