அப்பா அம்மாவை மலிவு விமானத்தில் அனுப்பலாமா?

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தங்கைக்கு சிங்கப்பூரில் பிரசவம். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். இரண்டு மாதம் இருந்து உதவிவிட்டு வரலாம் என்று எண்ணம். எங்கள் ஊர் ஏஜென்ட் திருச்சியிலிருந்து பட்ஜெட் விமானத்தில் ஒருவருக்கு 9,800 ரூபாய், ஒரு வழி, உடனே பணம் கட்ட வேண்டும் என்கிறார். மாப்பிள்ளையோ, 'சென்னையிலிருந்து நல்ல விமானத்தில் வரட்டும், 17,500 ஆனாலும் பரவாயில்லை, வயசானவங்களை மலிவு விமானத்தில் ஏத்தாதீங்க' என்கிறார். எதைக் கேட்பது?"

தாராளமாக மலிவு விமானத்தில் அனுப்பலாம். திருச்சியிலிருந்தே அனுப்புங்கள். ஆனால் அந்த ஏஜென்ட் சொல்லும் டிக்கெட்டில் வேண்டாம்.

மாப்பிள்ளையின் பயம் பாதுகாப்பைப் பற்றியது என்றால் அதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். மலிவு விமானம் பழைய விமானம் அல்ல. விமானிக்கு அதே உரிமம், இயந்திரத்துக்கு அதே பரிசோதனை. விலை குறைவதற்குக் காரணம் வேறு. இருக்கைகளை நெருக்கிப் போடுகிறார்கள். சாப்பாடு, பெட்டி, விருப்பமான இருக்கை எல்லாவற்றையும் டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்கிறார்கள். விமானத்தைத் தரையில் சும்மா நிற்க விடாமல், இறங்கிய அரை மணி, ஒரு மணியில் மறுபடி கிளப்புகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இருக்கை மட்டும் உங்களுடையது; மீதி எல்லாம் தனிக் கணக்கு.

அந்தத் தனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9,800-இல் பெட்டி இருக்காது. இரண்டு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கு இருபது கிலோவாவது வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் நடைபாதை ஓர இருக்கை வாங்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் சாப்பாட்டை முன்பே சொல்லிவைக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால் இரண்டு டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிடும். ஆனாலும் நான் திருச்சியைத்தான் சொல்வேன். பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டரை மணி நேரக் கார் பயணம். சென்னைக்குப் போவதென்றால் ராத்திரி முழுக்கப் பயணம், அப்புறம் அங்கே காத்திருப்பு, அப்புறம்தான் விமானம். வானத்தில் இருக்கப்போவது நாலு மணி நேரம்தான். அந்த நாலு மணி நேர வசதிக்காக முதல் நாள் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது 68 வயதுக்கு நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை சொல்வதில் நியாயமான பாதியும் ஒன்று உண்டு. பெரிய நிறுவனத்தின் விமானம் ரத்தானால் அடுத்த விமானத்திலோ, வேறு நிறுவனத்தின் விமானத்திலோ ஏற்றிவிட ஓரளவு வழி இருக்கும். மலிவு நிறுவனத்தில் பெரும்பாலும் அவர்களுடைய அடுத்த விமானம்தான் கதி. அது மறுநாளாகவும் இருக்கலாம். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது நாடு முழுக்க ஜனங்கள் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதனால் மருத்துவர் சொன்ன தேதிக்கு முதல் நாள் போய் இறங்குகிற மாதிரி திட்டம் போடாதீர்கள். பத்து நாள், இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். குழந்தை தேதி பார்த்துப் பிறப்பதில்லை, விமானமும் அப்படித்தான்.

சரி, இப்போது ஏஜென்டுக்கு வருவோம்.

"உடனே பணம் கட்ட வேண்டும்" என்ற ஒரு வார்த்தை போதும். அது அநேகமாக சீரிஸ் ஃபேர் அல்லது குரூப் ஃபேர் என்று தொழிலில் சொல்லும் டிக்கெட். பெரிய ஏஜென்சி ஒன்று பல மாதம் முன்னாலேயே விமான நிறுவனத்திடம் இருபது முப்பது இருக்கைகளை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சின்ன ஏஜென்டுகள் ஒன்றிரண்டாக விற்பார்கள். பயணிகளின் பெயரே விமானம் புறப்படுவதற்குச் சில நாள் முன்புதான் ஏறும். அதுவரை உங்கள் கையில் இருப்பது ஏஜென்ட் அச்சடித்துக் கொடுத்த ஒரு காகிதம், அவ்வளவுதான். விலை குறைவாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தேதி மாற்ற முடியாது, ரத்து செய்தால் அநேகமாக ஒரு பைசாவும் கைக்கு வராது. பெட்டி சேர்ப்பது, சக்கர நாற்காலி கேட்பது போன்றவற்றை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே செய்யவும் பெரும்பாலும் முடியாது. தங்கைக்கு ஒரு வாரம் முன்னதாக வலி வந்தால் என்ன செய்வீர்கள்?

சாதாரண டிக்கெட்டையே ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தாலும் ஒரு பொறி உண்டு. முன்பதிவில் பயணியின் மின்னஞ்சல், கைபேசி எண் கேட்கும் இடத்தில் அவர் தன்னுடையதைப் போட்டுவிடுவார். வாடிக்கையாளர் நேரடியாக நிறுவனத்தோடு பேசிவிடக் கூடாது என்பதற்காகச் சிலர், சோம்பலால் பலர்.

நான் சில வருஷம் ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டரில் நின்றவன். ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அம்மா தலையில் புது மல்லிகைப்பூ, வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வெளியே. காகிதத்தில் விமானம் பதினொன்றரைக்கு என்று இருந்தது. அந்த விமானத்தின் நேரத்தை மூன்று வாரத்துக்கு முன்பே சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். அது புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாற்றத்தைச் சொன்ன மின்னஞ்சல் போனது காகிதத்தின் மேல் மூலையில் இருந்த முகவரிக்கு, அதாவது ஏஜென்ட் கடைக்கு. அவருடைய செல்போன் அணைந்திருந்தது. அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல தம்பி?" கணினியில் பார்த்தால் நாங்கள் சொல்லிவிட்டோம் என்றுதான் இருந்தது.

பணம் திரும்ப வாங்குவதும் இதே கதைதான். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது, ஏனென்றால் ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி என்று, இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி தெளிவாகச் சொல்கிறது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று விற்கும் 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டானாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. விதியை எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். நடப்பில், நிறுவனம் "ஏஜென்ட் கணக்கில் போட்டுவிட்டோம்" என்னும், ஏஜென்ட் "இன்னும் வரலை" என்பார். நீங்கள் நடுவில் நின்று இரண்டு மாதம் இருவருக்கும் போன் செய்வீர்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அந்த நாட்டு விதிப்படி என்று ஒரு வால் வேறு. இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும்: பணம் நேராகப் பயணியின் கணக்குக்குப் போக வேண்டும் என்று. அந்த ஒரு வரியைத்தான் காணோம்.

அதனால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே எடுங்கள். உங்கள் மின்னஞ்சல், நீங்கள் எடுத்துப் பேசும் செல்போன் எண். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கோ ஃபர்ஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் 2023 மே மாதம் திடீரென்று பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டியவர்கள் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று. கார்டில் கட்டியவர்களுக்கு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்தது. கணினி பழக்கமில்லை, ஏஜென்ட்தான் எடுக்க வேண்டும் என்றால் அவர் கடையிலேயே உட்கார்ந்து எடுங்கள். கையோடு பிஎன்ஆர் என்னும், விமான நிறுவனம் தரும் ஆறு எழுத்து முன்பதிவு எண்ணை வாங்கி, உங்கள் செல்போனில் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து, பெயர்களும் தேதியும் வருகிறதா, தொடர்பு எண் யாருடையது என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஏஜென்ட் தரும் நீளமான 'புக்கிங் ஐடி' பிஎன்ஆர் ஆகாது. "பிஎன்ஆர் சாயங்காலம் வரும்" என்றால் நீங்களும் சாயங்காலமே பணம் கொடுத்துக்கொள்ளலாம்.

போகவர இரண்டையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். திரும்பும் தேதியை மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாக இருக்கட்டும், கொஞ்சம் அதிகமானாலும் சரி. சிங்கப்பூரில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடியேற்ற அதிகாரி இறங்கும்போதுதான் தீர்மானிப்பார். இரண்டு மாதம் என்பது உங்கள் திட்டம். நீட்டிப்புக்கு மாப்பிள்ளை அங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து பெயர். இதை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், நம் ஊர்க்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பழைய பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். கிவன் நேம் இடத்தில் 'முத்துலட்சுமி' என்று மட்டுமோ, அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்த்தோ இருக்கும். விமான நிறுவனங்களின் இணையதளங்கள் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக வைக்க விடாது. அங்கே இனிஷியலைப் போட்டு வைப்பது, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவது, இல்லாத பெயரைச் சேர்ப்பது எல்லாம் நடக்கிறது. வேண்டாம். ஒரே பெயர்தான் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கும். பல நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் இடச் சொல்லும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அதன்படியே செய்யுங்கள். எழுத்துப் பிழை விழுந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட்டானால், அதற்குள் சொன்னால் இந்திய நிறுவனங்கள் கட்டணமில்லாமல் திருத்த வேண்டும் என்பது விதி.

இதில் ஒரு வதந்தி உலவுகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் வெளிநாடே போக முடியாது என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம்தான் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அது துபாய், அபுதாபி போகிறவர்களுக்கு. அங்கேயே குடியிருப்பு விசா வைத்திருப்பவர்களுக்குக்கூடப் பொருந்தாது. சிங்கப்பூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் காட்டி, "பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றணும், ஏழாயிரம் ஆகும்" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பார்க்க வேண்டியது, இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்பதைத்தான்.

காசு பிடுங்கும் இன்னொரு இடம் வருகை அட்டை. சிங்கப்பூர் போய் இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் அதை நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். விசா வேறு, அது வேறு. விசாவுக்குச் சிங்கப்பூர் அரசு வாங்குவது 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்டின் கூலி. ஆனால் இலவச அட்டைக்கு ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் கொண்ட போலித் தளங்களும் இருக்கின்றன. மாப்பிள்ளையை அங்கிருந்தே நிரப்பச் சொல்லிவிடுங்கள்.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே இருவருக்கும் கேட்டுவையுங்கள். நடக்க முடியும் என்று அப்பா வீம்பு பிடிப்பார். சாங்கி விமான நிலையத்தில் நடக்கும் தூரம் அவருக்குத் தெரியாது.

கடைசியாக மூட்டை. கைப்பைக்கு நிறுவனத்தைப் பொறுத்து ஏழு அல்லது பத்து கிலோ. கவுன்ட்டரில் பையைத் தராசில் வைத்து 9.4 என்று சிவப்பில் காட்டியதும், பின்னால் வரிசை நிற்க, தரையில் உட்கார்ந்து முறுக்கு டின்னை எடுப்பதா, புடவையை எடுப்பதா என்று தவிக்கும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டுவது ஒரு விலை, கவுன்ட்டரில் கட்டுவது வயிற்றெரிச்சல் விலை. கசகசா வேண்டாம், சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதுவும் அங்கே தடைதான், இப்போதே சொல்லி வையுங்கள். பவர் பேங்க் இருந்தால் அது மட்டும் கைப்பையில்.

அம்மா எப்படியும் பிரசவ லேகியம் கிண்டாமல் கிளம்ப மாட்டார். லேகியமும் நல்லெண்ணெயும் நூறு மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் போகாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், கெஞ்சினாலும் தர மாட்டார்கள். உள்ளே போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். எவர்சில்வர் தூக்கு வேண்டாம், மூடி திறந்துகொள்ளும். இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே இரண்டு கவர் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.