கழுதைப்புலிகள் எங்கே போயின?

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் ஏழு வயது மகளோடு உட்கார்ந்து ‘தி லயன் கிங்’ (1994) என்ற டிஸ்னி கார்ட்டூன் படம் பார்த்தேன். சின்ன வயதில் நான் கொண்டாடிய படம். இப்போது பார்த்தால் உறுத்துகிறது. கழுதைப்புலிகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் வூப்பி கோல்ட்பெர்க் கறுப்பினத்தவர், சீச் மாரின் மெக்சிக வம்சாவளி. எல்லைக்கு வெளியே கிடப்பவர்கள் உள்ளே வந்தால் நாடு நாசமாகும் என்பதுதானே கதை? என் கணவரோ, குழந்தைகள் படத்தில் போய் அரசியலைத் தேடாதே என்கிறார். படம் முடிந்ததும் மகள், “கழுதைப்புலி எல்லாம் அப்புறம் எங்கம்மா போச்சு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் படத்தை அவளுக்குக் காட்டியிருக்கக் கூடாதோ?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவருக்கு. இந்தப் படத்தில் அரசியலைத் தேட வேண்டியதே இல்லை, அது பாட்டோடு வருகிறது. அண்ணன் ராஜாவைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கும் சிங்கமான ஸ்கார், பாறை உச்சியில் நிற்க, கீழே கழுதைப்புலிகள் காலை விறைப்பாக நீட்டி அணிவகுத்துப் போகின்றனவே, அந்தக் காட்சி 1934இல் நூரம்பெர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டின் பிரச்சாரப் படத்தை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. எடுத்தவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆனால் குரலை வைத்து நீங்கள் போடும் கணக்கு அவ்வளவு நேராக வராது. அந்த ராஜா சிங்கம் முஃபாசாவின் கம்பீரக் குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது, அவரும் கறுப்பினத்தவர்தான். வில்லன் ஸ்காருக்குப் பேசியவர் ஜெரமி அயர்ன்ஸ் என்ற ஆங்கிலேயர். 2019இல் மறுபடி எடுத்தபோது முஃபாசாவின் மகன் சிம்பா, அவன் தோழி நாலா, ஸ்கார் எல்லோருக்கும் கறுப்பினக் கலைஞர்களே பேசினார்கள். சரி, அதோடு தீர்ந்ததா? குரல்கள் மாறின, நிலத்தின் வரைபடம் அப்படியே இருந்தது. வெளிச்சம் படுகிற இடமெல்லாம் நம்முடையது என்று அப்பா சிங்கம் மகனுக்குக் காட்டுகிறது. அந்த நிழல் விழுந்த மூலைக்கு மட்டும் போகாதே என்கிறது. அங்கே இருப்பவை ஏன் அங்கே இருக்கின்றன என்று படம் கடைசிவரை சொல்வதில்லை.

கழுதைப்புலிகளின் குறையெல்லாம் பசிதான். ஸ்கார் அவற்றுக்குத் தரும் வாக்குறுதியும் சாப்பாடுதான். நாம் மானைத் தின்கிறோம், செத்தால் புல்லாகிறோம், அந்தப் புல்லை மான் தின்கிறது என்று முஃபாசா மகனுக்கு விளக்குவது அழகான பேச்சு. அந்த வட்டத்தில் கழுதைப்புலிக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிச் சிங்கத்தைத் தூக்கிக் காட்டியதும் வரிக்குதிரைகளும் மான்களும் மண்டியிடுகின்றன. நாளைக்குத் தங்களைத் தின்னப்போகிறவனைத்தான் கும்பிடுகின்றன! எனக்கு இதெல்லாம் தெரியும், இருந்தாலும் அந்த இசை எழும்போது இன்றும் புல்லரிக்கிறது.

அப்புறம் அந்த மழை. ஸ்கார் ஆட்சியில் வானம் பொய்க்கிறது, சிம்பா வென்றதும் கொட்டுகிறது. நமக்குப் பழகிய சங்கதிதான்: ‘முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்’. வள்ளுவர் மழையை முறையோடு முடிச்சுப் போட்டார். ஸ்காரின் ஆட்சி கெட்டது, மறுக்கவில்லை. ஆனால் சிம்பா இன்னும் ஒரு நாள்கூட ஆளவில்லையே, அதற்குள் எந்த முறையைப் பார்த்து மழை பெய்தது? வாரிசு வந்துவிட்டான், அது போதும் என்கிறது படம்.

காட்டில் சிங்கங்களுக்கு இந்த வாரிசுரிமை கிடையாது. ஆண் குட்டி வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டுத் துரத்தப்படும். புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடும், அதைச் சிங்கம் வந்து பிடுங்கித் தின்பதும் உண்டு. கழுதைப்புலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பெண். நாம் வைத்த பெயரும் லேசுப்பட்டதில்லை: கொஞ்சம் கழுதை, கொஞ்சம் புலி. அதை ஒரு தனி விலங்காக மதித்துப் பெயர் வைக்கக்கூட நமக்கு மனசு வரவில்லை.

காட்டியதில் தப்பே இல்லை. கடைசிச் சண்டையில் ஸ்கார், முஃபாசாவைக் கொன்ற பழியைக் கழுதைப்புலிகள் மேல் தள்ளுகிறான், அதைக் கேட்டுவிட்ட அவை அவனைச் சூழ்ந்துகொள்கின்றன, தீ எழுகிறது. அதோடு சரி. அடுத்து பார்த்தால் புல் முளைத்து, வரிக்குதிரைகள் திரும்பி, பாறைமேல் இன்னொரு குட்டியையும் தூக்கிக் காட்டியாகிவிட்டது. கழுதைப்புலிகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன், உங்கள் மகள் கேட்டதை ஒருநாளும் கேட்டதில்லை. அவசரப்பட்டு அவளுக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்து, அவை போன இடத்தை வரையச் சொல்லுங்கள். அதில் வெளிச்சம் எதுவரைக்கும் போகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.