இஸ்ஃபஹான் மசூதிகள்: சதுரத்தில் ஏறிய வட்டம் (கேள்வி பதில்)

கேள்வி: பாரசீக மசூதி முற்றத்தின் நாலு பக்கமும் பிரம்மாண்டமான வளைவுகள் நிற்கின்றனவே, இது அரேபியாவிலிருந்து வந்த பாணியா?

பதில்: இல்லை, அது ஈரானின் சொந்தச் சரக்கு. ஒரு பக்கம் மட்டும் திறந்த அந்த வளைகூரை மண்டபத்துக்கு ஈவான் என்று பெயர். இஸ்லாத்துக்கு முந்தைய சாசானிய அரச வம்சத்தின் அரண்மனைகளிலேயே அது உண்டு. பாக்தாத் அருகே தக் கஸ்ரா என்ற அவர்களுடைய அரண்மனையின் பெரிய வளைவு இன்றும் நிற்கிறது. ஈரானின் இஸ்ஃபஹான் நகரிலுள்ள ஜும்ஆ மசூதி முதலில் வெறும் தூண் மண்டபம். செல்ஜூக் துருக்கியர் ஆண்ட காலத்தில் சில தூண்களை எடுத்துவிட்டுக் குவிமாடம் எழுப்பினார்கள், பிறகு நான்கு ஈவான்களையும் சேர்த்தார்கள்.

கேள்வி: சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடம் எப்படி உட்காருகிறது?

பதில்: எனக்கு மிகப் பிடித்த கேள்வி. நான்கு மூலைகளிலும் குறுக்கே ஒரு வளைவு போட்டால் சதுரம் எண்கோணமாகிவிடும். அதன் மேல் பதினாறு சிறு வளைவுகள் வைத்தால் கிட்டத்தட்ட வட்டம். மூன்றாம் நூற்றாண்டில் ஃபிரூசாபாத் அரண்மனையிலேயே மூலை வளைவு இருக்கிறது. இஸ்ஃபஹான் ஜும்ஆ மசூதியின் வடக்குக் குவிமாடத்தில் (1088-89) இந்த உத்தி உச்சம் தொடுகிறது. 1086-87இல் தெற்குக் குவிமாடத்தைக் கட்டிய அமைச்சர் நிஜாமுல் முல்க்குக்குப் போட்டியாகத் தாஜுல் முல்க் எழுப்பியது இது. வண்ண ஓடு எதுவும் கிடையாது, செங்கல்தான். நான்கு, எட்டு, பதினாறு என்று பார்வை மேலே ஏறும்; உச்சியிலோ செங்கல் விலாக்கள் பின்னி ஐங்கோணமாக நிற்கும்! பதினாறை ஐந்தால் வகுக்க முடியாது. அப்படியிருந்தும் கண்ணுக்கு எங்கேயும் உறுத்தாது. நீலக் குவிமாடங்களைப் பார்க்க ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: இஸ்ஃபஹானின் இன்னொரு பெரிய மசூதியான ஷா மசூதி ஏன் கோணலாகத் தெரிகிறது?

பதில்: வாசல் நகரின் பெரிய மைதானத்தைப் பார்க்க வேண்டும், தொழுகை மக்காவைப் பார்க்க வேண்டும். அதனால் 1611இல் தொடங்கிய அந்தக் கட்டடம் வாசலைத் தாண்டியதும் சுமார் 45 பாகை திரும்புகிறது.

கேள்வி: மசூதிச் சுவர்களின் நட்சத்திரப் பின்னல்களில் பென்ரோஸ் கணிதம் (ஒரே கோலம் சீராகத் திரும்ப வராமல் தளத்தை நிரப்பும் முறை) இருக்கிறது என்கிறார்களே?

பதில்: இஸ்ஃபஹானில் உள்ள 1453ஆம் ஆண்டின் தர்பே இமாம் தர்காவை வைத்து 2007இல் இரு ஆய்வாளர்கள் சொன்னது அது. பத்துக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், சாய்சதுரம், வில்முடிச்சு என்று ஐந்து வடிவங்களை அடுக்கியே பின்னலை அமைத்தார்கள் என்பது அவர்கள் கருத்து. எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம், எல்லாக் கோணங்களும் 36 பாகையின் மடங்கு. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வடிவத்தின் மேல் வரைந்த அலங்காரக் கோடு ஒரே சாய்வில் வெட்டுவதால், எப்படி அடுக்கினாலும் கோடு அறுபடாமல் அடுத்த வடிவத்துக்குள் போகும். அந்தக் கைவினைஞர்களுக்குப் பென்ரோஸின் கணிதமே தெரிந்திருந்தது என்பது மிகை. ஆனால் அந்த அடுக்குமுறை அவர்களுக்குக் கைவந்த கலை.